ஸ்னோபோர்டு ஜாக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகைமேல் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு விளையாட்டுக்கு ஜாக்கெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அட்டையில் அச்சிட்ட நீர்த்தடுப்பு எண்ணைத்தான். ஒரு ஜாக்கெட் இரண்டே சீசனில் நைந்து போகுமா, பல ஆண்டுகள் உழைக்குமா என்பதை அந்த எண் சொல்வதில்லை. மேல்துணி, தையல், ஜிப், வாங்கிய பிறகு நீங்கள் துவைக்கும் விதம் ஆகிய நான்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்களில் இவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் தண்ணீர் நிரப்பினால், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறிய பிறகு மறுபக்கம் கசிகிறதோ அந்த உயரம்தான் இந்த எண். 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்குகிறது என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் கருவியால் அழுத்தத்தை மெல்ல ஏற்றி, துணியில் மூன்று இடங்களில் துளி தெரிந்ததும் அளவைக் குறித்துக்கொள்வார்கள்.

மழையோ பனியோ தானாக அவ்வளவு அழுத்தம் தருவதில்லை. அழுத்தம் வருவது உங்கள் உடல் எடையால். 70 கிலோ எடையுள்ளவர் பனியில் உட்கார்ந்து பைண்டிங் (காலைப் போர்டோடு பிணைக்கும் பிடி) மாட்டும்போது சுமார் 700 சதுர செ.மீ. பரப்பு தரையில் படுகிறது என்று வையுங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம், அதாவது 1,000 மி.மீ. தண்ணீருக்குச் சமம். அதே ஆள் மண்டியிட்டால் இரண்டு முழங்காலும் சேர்ந்து 100 சதுர செ.மீ.தான் படும்; அழுத்தம் 7,000 மி.மீ. ஆகிவிடும். முழங்கையை ஊன்றி விழுந்தாலும் இதே கதைதான். 5,000 மி.மீ. ஜாக்கெட் சாதாரணத் தூறலைத் தாங்கினாலும் ஸ்னோபோர்டுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் எந்த எண்ணை வாங்குவது?

நீங்கள் போகும் மலையின் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 15 டிகிரியில் பனி உலர்ந்த தூளாக இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே 10,000 மி.மீ. தாராளம். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் தொல்லை. பனி ஈரமாகத் தோளில் ஒட்டி, உடல் சூட்டில் உருகி, தண்ணீராகவே நிற்கும். அந்த மாதிரி இடங்களுக்கு 15,000 மி.மீ., மழையும் பனியும் கலந்து கொட்டும் கடலோர மலைகளுக்கு 20,000 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலான எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை நல்ல ஜிப்பும் முழுமையான தையல் டேப்பும் உள்ள ஜாக்கெட்டில் போடுவது மேல்.

இன்னொன்று: இந்த எண் பெரும்பாலும் புதுத் துணியில் எடுத்தது. நாற்பது முறை துவைத்து, பையின் வார் தோளில் நூறு நாள் உரசிய பிறகு அதே எண் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

மேல்துணி உறுதியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டெனியர் என்ற அளவைத் தேடுங்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், உராய்வைத் தாங்கும் திறனும் பொதுவாகக் கூடும். 20, 30 டெனியர் துணி மலையேற்றத்துக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று நெய்யப்படுவது. போர்டின் எஃகு விளிம்பு ஒரு முறை இழுத்தால் கீறிவிடும். ஸ்னோபோர்டுக்கு 70 டெனியருக்குக் குறையாமல் பாருங்கள். கயிற்று லிஃப்டில் அதிகம் போகிறவர்கள், மரங்களுக்கிடையே ஓட்டுகிறவர்கள், சாகசப் பூங்காவில் நட்டிருக்கும் கம்பிகளிலும் பெட்டிகளிலும் தாவிப் பழகுகிறவர்கள் 100 முதல் 150 டெனியர் வரை போகலாம்.

ஒரே டெனியரில் நைலான் பாலியஸ்டரைவிட உராய்வை நன்றாகத் தாங்கும். ஆனால் நைலான் நூல் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். பாலியஸ்டர் மிகக் குறைவாகவே உறிஞ்சும், வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. உழைப்புதான் முக்கியம் என்றால் எங்கள் ஓட்டு நைலானுக்கு.

ரிப்ஸ்டாப் என்பது சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூலைக் கட்டம் கட்டமாக ஓட்டி நெய்வது. துணியில் ஓட்டை விழாமல் அது தடுக்காது. விழுந்த ஓட்டை நீளமாகக் கிழியாமல் தடுக்கும். அட்டையில் டெனியர் போடாவிட்டால் முழங்கை, தோள், கீழ் விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் துணியை இரு விரலால் கசக்கிப் பாருங்கள். காகிதம்போல் மெலிதாகச் சரசரத்தால் எச்சரிக்கை.

2 லேயர், 2.5 லேயர், 3 லேயர்: எது அதிக நாள் வரும்?

நீரைத் தடுப்பது மேல்துணிக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு அல்லது பூச்சு. அந்தச் சவ்வை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2 லேயரில் சவ்வு மேல்துணியோடு ஒட்டியிருக்கும். அதற்கு உள்ளே தனி லைனிங் தொங்கும். விலை குறைவு, அணியச் சுகமானது, கதகதப்புப் பஞ்சு வைக்கவும் வசதி. ஆனால் கனம் கூடும், காய நேரமெடுக்கும். 2.5 லேயரில் லைனிங்குக்குப் பதில் சவ்வின் மேல் மெல்லிய அச்சோ பூச்சோ மட்டும் இருக்கும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். ஆனால் கழுத்திலும் தோளிலும் அந்தப் பூச்சு சீக்கிரம் தேயும். ஸ்னோபோர்டுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

3 லேயரில் மேல்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும். சவ்வு இரு பக்கமும் பாதுகாக்கப்படுவதால் நீண்ட நாள் உழைப்பது பெரும்பாலும் இதுதான். கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் எளிது. இதன் குறை, விலை கூடுதல்; தனிக் கதகதப்பு இல்லாததால் உள்ளே போட நல்ல உடைகளும் வேண்டும். வருடத்துக்கு ஐந்தாறு நாள் மட்டும் போகிறவருக்கு நல்ல 2 லேயரே போதும்.

வியர்வை வெளியேறும் திறனுக்கும் 10,000, 20,000 என்று ஒரு எண் இருக்கிறதே?

அது வேறு எண். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறுகிறது என்பதைச் சொல்வது. 10,000 என்றால் மணிக்கு சுமார் 417 கிராம். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. கடுமையாக உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கும். மேலும், உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து வெளியே வறண்டிருந்தால்தான் ஆவி வெளியேறும். கடுங்குளிரில் ஆவி சவ்வைத் தாண்டுவதற்குள்ளேயே குளிர்ந்து, துணியின் உட்பக்கம் நீராகவோ உறைபனியாகவோ படிந்துவிடும்.

இந்த எண்ணை அளக்கப் பல முறைகள் இருக்கின்றன. ஒரே துணி ஒரு முறையில் குறைவாகவும் இன்னொன்றில் பல மடங்கு கூடுதலாகவும் காட்டும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஆர்ஈடி என்ற அளவு, அதாவது நீராவி வெளியேறத் துணி தரும் தடை, போட்டிருந்தால் அது கொஞ்சம் நம்பகமானது. அதில் எண் குறையக் குறைய நல்லது: 6க்குக் கீழே மிக நன்று, 20ஐத் தாண்டினால் புழுங்கும்.

எங்கள் அனுபவத்தில் எந்தச் சவ்வும் அக்குளில் இருக்கும் ஒரு ஜிப்புக்கு ஈடாகாது. 25 செ.மீ. நீளமாவது திறக்கும் அக்குள் ஜிப் உள்ள ஜாக்கெட்டாக எடுங்கள். உள்ளே வலை வைத்த ஜிப் பனியைத் தடுக்கும்; காற்றையும் பாதி தடுக்கும். வலை இல்லாததே எங்களுக்குப் பிடித்தது.

பஞ்சு வைத்த ஜாக்கெட்டா, வெறும் ஷெல்லா?

ஷெல் என்பது கதகதப்பு இல்லாத வெளிக்கூடு. உள்ளே எதைப் போடுகிறீர்களோ அதைப் பொறுத்து அதே ஷெல்லை மைனஸ் 20க்கும் பிளஸ் 5க்கும் பயன்படுத்தலாம். உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் தேர்வு ஷெல்தான். பஞ்சு வைத்த ஜாக்கெட்டில் சில சீசனிலேயே பஞ்சு அமுங்கிப்போகும். வெளித்துணி நன்றாக இருந்தாலும் ஜாக்கெட் குளிரும். ஷெல்லில் அப்படிப் போவதற்கு எதுவும் இல்லை. உள்ளே போடும் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைக் கதகதப்புச் சட்டை) தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பஞ்சு ஜாக்கெட் பொருந்துகிறவர்களும் உண்டு. சேர்லிஃப்டில் நீண்ட நேரம் உட்காருகிறவர்கள், புதிதாகக் கற்றுக்கொண்டு பனியில் உட்கார்ந்தே அதிக நேரம் கழிப்பவர்கள், எளிதில் குளிர் பிடிப்பவர்கள், ஒரே ஜாக்கெட்டைத் தெருவிலும் போட நினைப்பவர்கள். அவர்கள் உடம்புப் பகுதிக்கு சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம், கைப்பகுதிக்கு 40 முதல் 60 கிராம் பஞ்சு உள்ளதை எடுக்கலாம். 100 கிராமுக்கு மேல் போனால் மிதமான நாளில் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வையே பிறகு லிஃப்டில் உட்காரும்போது உங்களை நடுங்க வைக்கும்.

வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா?

எடைக்கு எடை பார்த்தால் டவுன் எனப்படும் வாத்து இறகுப் பஞ்சுதான் அதிகக் கதகதப்பு. அதன் தரத்தை 600, 700, 800 என்று ஃபில் பவரால் குறிப்பார்கள். எண் கூடினால் அதே எடை அதிகம் உப்பும். நனைந்தால் கட்டிகட்டியாகிக் கதகதப்பை இழந்துவிடும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாங்கும், சீக்கிரம் காயும், துவைப்பதும் சுலபம். ஆனால் அமுங்கித் தேய்வது இதில்தான் அதிகம். விழுவதும் வியர்ப்பதும் ஸ்னோபோர்டில் தவிர்க்க முடியாதவை. அதனால் போர்டு மேல் செயற்கை, வண்டி நிறுத்தத்திலும் தெருவிலும் டவுன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தையலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையும் வழி. அந்தத் துளைகளை உட்பக்கம் டேப் ஒட்டி அடைப்பார்கள். எல்லாத் தையலுக்கும் ஒட்டியிருந்தால் முழு டேப்; தோள், ஹூட் (தலைமூடி) போன்ற சில இடங்களுக்கு மட்டும் ஒட்டியிருந்தால் முக்கிய இட டேப். பின்னதை வாங்கி ஈரப்பனியில் போனால், ஜாக்கெட் 20,000 மி.மீ. என்றாலும் பக்கவாட்டுத் தையலில் தண்ணீர் இறங்கும். தேர்வு 10,000 மி.மீ. முழு டேப்புக்கும் 20,000 மி.மீ. அரைகுறை டேப்புக்கும் இடையே என்றால் தயங்காமல் முதலாவதை எடுங்கள்.

லைனிங் இல்லாத ஜாக்கெட்டை உள்புறம் திருப்பிப் பார்த்தால் டேப் தெரியும். இரண்டு டேப்புகள் சந்திக்கும் மூலைகளை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். புது ஜாக்கெட்டிலேயே நுனி எழும்பினால், சில சலவையில் அந்த இடத்திலிருந்துதான் உரியத் தொடங்கும்.

ஜிப் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

ஜாக்கெட்டில் அதிகம் அசையும் பகுதி அதுதான். முன் ஜிப் 5ஆம் எண்ணுக்குக் குறையாமல் இருக்கட்டும். 8ஆம் எண் கிடைத்தால் கையுறையோடும் பிடித்து இழுக்க வசதி. அந்த எண் மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் காட்டுவது. தனித்தனி பிளாஸ்டிக் பற்கள் கொண்ட ஜிப் முன்பக்கத்துக்கு நல்லது. பனி உறைந்தாலும் தட்டினால் உதிரும். சுருள் ஜிப் வளைந்து கொடுக்கும் என்பதால் பாக்கெட்டுக்கும் அக்குளுக்கும் பொருந்தும். மேலே ரப்பர்போல் பளபளக்கும் நீர்த்தடுப்பு ஜிப் அழகாக இருக்கும், ஆனால் முழுக்கத் தண்ணீர் புகாதது அல்ல. அந்தப் பூச்சு மடிப்புகளில் நாளடைவில் உரியும். பின்னால் ஒரு துணி மடல் இருந்தால்தான் நிம்மதி.

பற்கள் மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டால் பெரும்பாலும் குற்றவாளி பற்கள் இல்லை, நாம் பிடித்து இழுக்கும் ஸ்லைடர். உலோகம் தேய்ந்து அதன் வாய் அகன்றிருக்கும். குறட்டால் ஸ்லைடரின் இரு பக்கத்தையும் மெதுவாக, சமமாக அழுத்தினால் சில வாரம் ஓடும். அதன்பின் அதே எண், அதே வகை ஸ்லைடர் வாங்கி மாற்ற வேண்டும். ஜிப்பின் அடியில் ஒரு பக்கம் உள்ள ஊசியை மறுபக்கத்துப் பெட்டிக்குள் முழுவதும் செருகாமல் இழுப்பதே ஜிப் உடைய முதல் காரணம். இரட்டை ஸ்லைடர் ஜிப்பில் இரண்டு ஸ்லைடரும் அடியில் ஒட்டி நிற்க, ஊசி இரண்டையும் கடந்து பெட்டியின் அடியைத் தொட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். முழு முன் ஜிப்பையும் மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை. தையலைப் பிரித்து டேப்பையும் புதிதாக ஒட்ட வேண்டியிருக்கும்.

ஸ்னோபோர்டு ஜாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

இடுப்பின் உட்பக்கம் எலாஸ்டிக்கோடு சுற்றி வரும் பவுடர் ஸ்கர்ட் முதலில். பின்பக்கமாக விழும்போது பனி முதுகுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். எலாஸ்டிக்கின் உட்புறம் சிலிக்கான் பட்டை இருந்தால் மேலே நழுவாது. பேன்ட்டோடு மாட்டும் கொக்கிகள் இருந்தால் இன்னும் நல்லது.

ஹூட் ஹெல்மெட்டின் மேல் ஏற வேண்டும். ஹெல்மெட் போட்டு, ஹூடை ஏற்றி, முன் ஜிப்பை முழுவதும் மூடித் தலையை இடது வலதாகத் திருப்புங்கள். ஹூட் தலையோடு சேர்ந்து திரும்பினால் சரி. முகம் ஹூடுக்குள்ளே திரும்பி ஒரு கண் மறைந்தால் வேண்டாம்.

கஃப், அதாவது கைமுனையில் உள்ள வெல்க்ரோ அகலமாக இருக்கட்டும். கட்டைவிரல் நுழையும் உள் கஃப் புதிதாகக் கற்பவர்களுக்கு நல்ல உதவி, ஏனென்றால் அவர்கள் கையை ஊன்றித்தான் அதிகம் விழுகிறார்கள். அது அடிக்கடி நனையும் என்பதால் வேண்டாதபோது மடித்து விடும்படி இருக்க வேண்டும். லிஃப்ட் அட்டைக்கு இடது முன்கையில் ஒரு சிறு பாக்கெட், கண்ணாடி வைக்க உள்ளே வலைப் பாக்கெட். தொங்கும் நீளக் கயிறுகள் இல்லாமல் பாருங்கள். அவை சேர்லிஃப்ட் இருக்கையில் மாட்டிக்கொள்ளும்.

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் என்று சில ஜாக்கெட்டுகளில் வைக்கும் ரெக்கோ பட்டை பற்றி ஒரு வார்த்தை. அது மின்கலம் இல்லாத பிரதிபலிப்பான் மட்டுமே. அதற்கான கருவியோடு வரும் மீட்புக் குழுவால்தான் கண்டுபிடிக்க முடியும். பனிச்சரிவு அபாயமுள்ள இடத்துக்குப் போகிறவர்களுக்கு டிரான்ஸீவர் (புதைந்த இடத்தை ரேடியோ சைகையால் காட்டும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பி, மண்வெட்டி மூன்றும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் தனியாக வேண்டும். பட்டை இருக்கிறதே என்று இவற்றை விட்டுவிடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது.

அளவு சரியா என்று கடையிலேயே பார்ப்பது எப்படி?

உள்ளே போடப் போகும் ஃபிளீஸோடு போய் அணியுங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள்: கஃப் மணிக்கட்டு எலும்பை மூடியே இருக்க வேண்டும். தன்னைத் தானே கட்டிக்கொள்வதுபோல் கைகளைக் குறுக்கே போடுங்கள்: முதுகில் இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிறகு தரையில் உட்கார்ந்து, பைண்டிங் மாட்டுவதுபோல் குனிந்து பாதத்தைத் தொடுங்கள். இந்த நிலையில் பின்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறினால் பனி நேராக உள்ளே போகும். நின்றால் பின்விளிம்பு பின்புறத்தைப் பாதியாவது மூடும் நீளம் வேண்டும்.

பெரிதாக எடுத்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். மிகத் தொளதொளப்பான ஜாக்கெட்டில் ஒவ்வொரு அசைவிலும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறி, குளிர்காற்று கீழிருந்து உள்ளே ஏறும்.

உள்ளே என்ன போட வேண்டும்?

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்சட்டை. மெரினோவில் சதுர மீட்டருக்கு 150 கிராம் மிதமான நாளுக்கு, 250 கிராம் கடுங்குளிருக்கு. அதன் மேல் ஃபிளீஸ். பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிர வைக்கும்.

எவ்வளவு வேண்டும் என்று கணிக்கும்போது காற்றையும் சேருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் முகத்தோல் உணர்வது சுமார் மைனஸ் 21. அதே சமயம், வண்டியிலிருந்து இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் அது அதிகம். முதல் சில நிமிடம் லேசாகக் குளிர்ந்தால் சரியான அளவு.

மழைக்கோட்டையோ நகரத்துக் குளிர்கால ஜாக்கெட்டையோ போட்டுச் சமாளிக்க முடியாதா?

ஒன்றிரண்டு நாளுக்கு முடியும். மெல்லிய மழைக்கோட்டில் பவுடர் ஸ்கர்ட் இருக்காது, துணி எளிதில் கீறும். நகரத்து ஜாக்கெட் கதகதப்பாக இருந்தாலும் தையலில் டேப் பெரும்பாலும் இருக்காது. அக்குள் ஜிப்பும் கிடையாது. மாறாக, ஸ்னோபோர்டு ஷெல்லைத் தெருவில் போடுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஜாக்கெட் முதலில் எங்கே கிழிகிறது?

பக்கவாட்டில், விலாவை ஒட்டி. போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது அதன் எஃகு விளிம்பு ஒவ்வோர் அடியிலும் துணியை அறுக்கிறது. அதிலும் விளிம்பைப் புதிதாகத் தீட்டிய அன்று ஒரே நடையில் வெட்டு விழுந்துவிடும். போர்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காக இரு கையாலும் பிடித்து நடந்தால் கையுறைதான் விளிம்பில் படும். அடுத்து தோள்: பையின் வாரும் அதன் அடியில் சிக்கும் பனித்துகளும் உரசி, மேல்துணியில் தண்ணீரை உருட்டிவிடும் நீர்விலக்கப் பூச்சைத் தேய்க்கும். மூன்றாவது கஃப், பைண்டிங்கின் பற்பட்டையில் சிக்கி நூல் பிரியும். கயிற்று லிஃப்டில் ஓடும் கயிற்றை அக்குளில் இடுக்காதீர்கள். உராய்வுச் சூட்டில் நைலான் உருகிப் பளபளத்துவிடும்.

கழுத்துப் பகுதி கிழிவதில்லை, உரிகிறது. முகத்து எண்ணெயும் வெயில் கிரீமும் சவ்வில் ஊறி ஒட்டு விட்டுப்போகும். கழுத்தைச் சுற்றி ஒரு துணிக்குழல் அணிந்தால் இது பெருமளவு குறையும்.

உள்ளே ஈரமாக இருக்கிறது. ஜாக்கெட் ஒழுகுகிறதா, வியர்வையா?

ஒழுகலுக்கு ஒரு இடம் உண்டு: தோள் தையல், ஜிப்பின் அடி, பாக்கெட்டின் மூலை. அந்த இடத்திலிருந்து ஒரு கோடாக ஈரம் இறங்கியிருக்கும். வியர்வை முதுகிலும் அக்குளிலும் பரவலாக இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒழுகுகிறது என்று தூக்கிப்போடப்படும் ஜாக்கெட்டுகள் பலவற்றில் பிரச்சினை இதுதான். மேல்துணியின் நீர்விலக்கப் பூச்சு போய், துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துத் தெரியும். சவ்வு இன்னும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஈரத்துணி மூடிக்கொண்டதால் நீராவி வெளியேற வழியில்லை. மேல்பரப்பும் சில்லிட்டு, உள்ளே வியர்வை படிகிறது. சோதனை எளிது: தோளில் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலையில் போல் உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. பரவி ஊறினால் துவைத்துப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.

துவைத்தால் நீர்த்தடுப்பு போய்விடும் என்கிறார்களே?

துவைக்காமல் விட்டால்தான் போகும். அழுக்கும் எண்ணெயும் பூச்சை மூடிவிடுகின்றன. பத்துப் பதினைந்து நாள் ஓட்டத்துக்கு ஒரு முறையாவது துவையுங்கள். முதலில் ஜாக்கெட்டின் உள்ளே தைத்திருக்கும் குறிப்பைப் படியுங்கள். அது வேறாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். பொதுவான முறை இது:

1. பாக்கெட்டுகளைக் காலி செய்து, எல்லா ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடுங்கள். திறந்த வெல்க்ரோ மேல்துணியைச் சுரண்டும்.
2. இயந்திரத்தின் சோப்புப் பெட்டியைக் கழுவுங்கள். பழைய சோப்புத் தூளும் துணி மென்மையாக்கியும் அதில் ஒட்டியிருக்கும். அவை துணியில் தங்கினால் தண்ணீரை ஈர்க்கும்.
3. நீர்த்தடுப்பு உடைகளுக்கான திரவ சோப்பை மட்டும் போட்டு, 30 டிகிரியில் மென்மையான சுழற்சியில் ஓட்டுங்கள். மென்மையாக்கியும் பிளீச்சும் கூடவே கூடாது.
4. இரண்டு முறை அலசுங்கள். சுழற்றிப் பிழியும் வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும்.
5. காய்ந்த பிறகு, உலர்த்தியில் குறைந்த சூட்டில் சுமார் 20 நிமிடம் ஓட்டுங்கள். சூடு பட்டால்தான் பூச்சின் மூலக்கூறுகள் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். உலர்த்தி இல்லாவிட்டால் மேலே ஒரு துண்டை விரித்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம்.

இதற்குப் பிறகும் தண்ணீர் உருளவில்லை என்றால் துணியை ஈரமாக்கி, நீர்விலக்கத் தெளிப்பானைத் தோள், கை, ஹூடில் அடித்து, இரண்டு நிமிடம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட்டுச் சூடு காட்டுங்கள். லைனிங்கும் பஞ்சும் உள்ள ஜாக்கெட்டுக்கு, தண்ணீரில் கலந்து முக்கும் வகை வேண்டாம். அது உள் லைனிங்கையும் நீர்விலக்கியாக்கி வியர்வையை உறிஞ்ச விடாது.

புது ஜாக்கெட்டில் பிஎஃப்ஏஎஸ் இல்லை என்று எழுதியிருக்கிறது. அது நல்லதா?

சுற்றுச்சூழலுக்கு நல்லது. பழைய நீர்விலக்கப் பூச்சுகளில் இருந்த இந்த ஃபுளோரின் வேதிப்பொருட்கள் இயற்கையில் மிக மெதுவாகவே சிதைகின்றன. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் ஆடைகளில் இவற்றுக்கான தடை 2025 ஜனவரியில் தொடங்கியது. புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே விலக்குகின்றன. எண்ணெயை விலக்குவதில் பழையவற்றுக்கு ஈடில்லை. எனவே இவை சீக்கிரம் அழுக்காகும், அடிக்கடி துவைத்துச் சூடு காட்ட வேண்டும்.

சின்னக் கிழிசலை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

தாராளமாக. ஊசியை எடுக்காதீர்கள், தைத்தால் புதிய துளைகள்தான் விழும். கிழிந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து நன்கு காயவிடுங்கள். பிரிந்த நூல்களைக் கத்தரித்து, விளிம்புகளைச் சேர்த்து வையுங்கள். தானாக ஒட்டும் நைலான் பட்டையைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்து, ஒரு நாள் விடுங்கள். 3 லேயர் ஜாக்கெட்டில் உட்பக்கமும் ஒரு பட்டை ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தையல் டேப்பின் நுனி எழும்பியிருந்தால் தையல் பசையை மெல்லியதாகத் தடவி, இரவு முழுக்கக் கனமான பொருளை மேலே வைத்து அழுத்துங்கள்.

சீசன் முடிந்ததும் எப்படி வைப்பது?

துவைத்து, முழுக்கக் காயவைத்து, ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பையில் திணித்துச் சூடான பரணிலோ வண்டியின் பின்பெட்டியிலோ வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தால் சிதையும். உட்பக்கம் பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், பிறகு செதில் செதிலாக உதிரும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பழைய ஜாக்கெட்டை யாரிடமாவது வாங்கலாமா?

நல்ல 3 லேயர் ஜாக்கெட் பாதி விலையில் கிடைத்தால் மலிவான புதியதைவிட அதுவே மேல். வெளியே கறை, வெளுப்பு, ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் பொருட்படுத்தாதீர்கள். உள்புறம் திருப்பி ஹூட், தோள், கழுத்தில் டேப் உரிந்திருக்கிறதா பாருங்கள். மேல்துணியில் கொப்புளம்போல் எழும்பிய இடம் இருந்தால் சவ்வு பிரிந்துவிட்டது, வாங்க வேண்டாம். உள்பூச்சை விரலால் தேயுங்கள். பிசுபிசுத்தாலோ துகள் ஒட்டினாலோ வேண்டாம். முன் ஜிப்பைப் பத்து முறை முழுவதும் மூடித் திறங்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்து உருளாவிட்டால் அதை விலை குறைக்கக் காரணமாகச் சொல்லலாம். ஒரு சலவையும் ஒரு புட்டி தெளிப்பானும் அதைச் சரிசெய்துவிடும்.